ஓர் எழுத்துக்குள் ஒரு பரம்பரை

டி.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தைச் சொன்னதும் ஒரு குரல் நம் காதில் ஒலிக்கத் தொடங்கிவிடும். அதில் 'எம்' என்பது தந்தை மீனாட்சி ஐயங்கார், 'எஸ்' என்பது சௌந்தரராஜன். முதலில் நிற்கும் 'டி' என்ன என்று கேட்டால், பாடல் வரிகளை வரி பிசகாமல் சொல்லக்கூடிய ரசிகர்கள்கூடச் சற்று யோசிப்பார்கள். அது ஓர் ஊரின் பெயரல்ல, தாத்தாவின் பெயருமல்ல. தொகுளுவா என்பது அவருடைய வீட்டுப்பெயர். சௌராஷ்டிர சமூகத்தில் தந்தை வழியாகத் தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் பெயர் அது.

தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு இத்தகைய பெயர் கிடையாது. தந்தையின் பெயர் மகனுக்குத் தலைப்பெழுத்தாகும். பேரனுக்கு அந்த மகனின் பெயர் தலைப்பெழுத்தாகும். மூன்றாவது தலைமுறையில் பழைய பெயர் மறைந்துவிடும். ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமின் பெயருக்கு முன்னால் தந்தை ஜைனுலாப்தீனின் பெயரோடு அதற்கும் முந்தைய பெயர்கள் சேர்ந்து நின்றதால்தான் அது நமக்கு நீளமாகப் படுகிறது. சாதிப் பட்டத்தைப் பெயரோடு சேர்க்கும் வழக்கமும் 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல விலகியது. ஆகவே ஒரு பெயர் எப்படிப் பிறக்கிறது, எத்தனை பேரிடம் பரவுகிறது, எப்போது அழிகிறது என்று ஆராய விரும்பும் அறிவியலாளருக்கு நம் மாநிலத்தில் களம் குறைவு. அந்தக் குறைந்த களங்களில் ஒன்று வைகைக் கரையில் இருக்கிறது. பரமக்குடியும் அதற்கு எதிர்க்கரையில் உள்ள எமனேஸ்வரமும் சௌராஷ்டிர நெசவாளர்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஊர்கள்.

நெசவோடு நடந்த பெயர்கள்

சௌராஷ்டிரர்களைப் பழைய ஆவணங்கள் பட்டுநூல்காரர் என்று குறிக்கின்றன. வீட்டில் அவர்கள் பேசுவது குஜராத்தி, மராத்தி ஆகியவற்றோடு உறவுள்ள ஓர் இந்தோ ஆரிய மொழி. அதன்மேல் தெலுங்கும் கன்னடமும் தமிழும் படிந்திருக்கின்றன. எந்த வழியாக வந்தார்கள் என்பதை அந்த மொழியே காட்டிக்கொடுக்கிறது. அவர்களுடைய திருமணச் சடங்கில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கேள்வி பதிலாகத் தங்கள் பயணத்தைச் சொல்லும் வழக்கம் இருந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார்கள். சௌராஷ்டிர நாடு, தேவகிரி, விஜயநகரம், மதுரை என்று அந்த வரிசை செல்கிறது.

பட்டு நெசவாளர்கள் கூட்டமாக ஊர் பெயர்வது இந்தியாவில் மிகப் பழைய வழக்கம். மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் கிடைத்த கல்வெட்டு, குஜராத்தின் லாட நாட்டிலிருந்து ஒரு பட்டு நெசவாளர் குழு அங்கே குடியேறிச் சூரியனுக்குக் கோயில் எடுத்ததையும், அதை கி.பி. 473 வாக்கில் பழுது பார்த்ததையும் சொல்கிறது. மதுரைக்கு வந்தவர்களின் முன்னோர் இவர்களே என்று நிறுவ அந்த ஒரு கல்வெட்டு போதாது. ஆனால் தறியைத் தூக்கிக்கொண்டு ஆதரவு தரும் அரசனைத் தேடிப் போகும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. மதுரையில் நாயக்கர் ஆட்சி அவர்களுக்கு இடம் கொடுத்தது. அவர்கள் தங்கள் சடங்குகளைச் செய்வதற்குள்ள உரிமையை 1704இல் ராணி மங்கம்மாள் உறுதி செய்தார். மதுரையைத் தவிர பரமக்குடி, திண்டுக்கல், சேலம், கும்பகோணம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை என்று பல ஊர்களில் அவர்கள் பரவி வாழ்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் வீட்டுப்பெயர் அவர்களுக்கு அடையாளச் சீட்டாக இருந்தது. ஒவ்வொரு வீட்டுப்பெயரும் ஒரு கோத்திரத்தைச் சேர்ந்தது. ஒரே கோத்திரத்துக்குள் பெண் கொடுப்பதோ எடுப்பதோ கிடையாது. வரன் பேச உட்கார்ந்தால் படிப்பு, வேலை, ஜாதகம் எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டுப்பெயரைக் கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் கோத்திரம் தெரிந்துவிடும். கோத்திரம் ஒன்றாக இருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அரசு ஆவணங்களுக்கு இந்தப் பெயரால் எந்தப் பயனும் இல்லை. திருமணத்துக்கு மட்டும் அது இன்றியமையாதது. இந்தப் பெயர்கள் இத்தனை காலம் பிழைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

கால்டன் கேட்ட கேள்வி

இங்கிலாந்தில் குடும்பப்பெயர் 1066ஆம் ஆண்டின் நார்மன் படையெடுப்புக்குப் பிறகு மேல்தட்டினரிடம் தொடங்கி, சுமார் 1400 வாக்கில் பெரும்பாலான மக்களிடம் நிலைபெற்றது. சிலருக்கு ஊர், சிலருக்குத் தொழில், சிலருக்குத் தந்தையின் பெயர், சிலருக்குப் பட்டப்பெயர் என்று வந்த பெயர்களில் பல விக்டோரியா ராணியின் காலத்துக்குள் மறைந்துவிட்டன. புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்களும் மறைந்தன. உயர்குடியினருக்குப் பிள்ளைப்பேறு குறைகிறதோ என்று பலர் கவலைப்பட்டார்கள். சார்லஸ் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் அதை 1873இல் ஒரு கணக்காக மாற்றி, கல்வி இதழ் ஒன்றில் வாசகர்கள் முன் வைத்தார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார். இருவரும் சேர்ந்து 1874இல் வெளியிட்ட கட்டுரை, வம்சங்கள் அழிவதை நிகழ்தகவால் அளக்கும் கலைக்கு அடித்தளமானது.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 100 குடும்பங்கள் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தனி வீட்டுப்பெயர். ஒவ்வொரு தம்பதிக்கும் இரண்டே பிள்ளைகள். ஆணும் பெண்ணும் பிறக்கும் வாய்ப்பு சமம். பெயர் மகன் வழியாக மட்டுமே செல்லும். யாருக்கும் நோயில்லை, பஞ்சமில்லை, எல்லோரும் மணம் செய்கிறார்கள்.

இரண்டு பிள்ளைகளும் பெண்ணாகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே முதல் தலைமுறையிலேயே 25 பெயர்கள் மறைந்துவிடும். இரண்டாம் தலைமுறை முடிவில் மறைந்தவை 39. மூன்றாவதில் 48. பத்தாவது தலைமுறையில், அதாவது சுமார் 250 முதல் 300 ஆண்டுகளில், 74 பெயர்கள் இல்லாமல் போயிருக்கும். மிஞ்சுபவை 26 மட்டுமே. ஊரின் மக்கள்தொகையோ குறையவே இல்லை, அதே 100 குடும்பங்கள். ஆக, தப்பிப் பிழைத்த ஒவ்வொரு பெயரும் சராசரியாக நான்கு குடும்பங்களிடம் இருக்கும். அதுவும் சமமாக இராது. ஒன்றிரண்டு பெயர்கள் தெருவுக்குத் தெரு கேட்கும், சில பெயர்கள் ஒரே வீட்டில் ஒடுங்கி நிற்கும்.

இந்தக் கணக்கில் எந்தக் குடும்பமும் மற்றொன்றைவிட உயர்ந்ததல்ல, வளமானதல்ல, ஆரோக்கியமானதும் அல்ல. எல்லோருக்கும் ஒரே விதிதான். அரிதான பெயரும் மலிந்த பெயரும் அந்த ஒரே விதியிலிருந்துதான் வருகின்றன. அரிய பெயர் என்பதாலேயே அதற்குப் பின்னால் அரச வம்சமோ ஆழ்ந்த இரகசியமோ இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் மூன்று நான்கு தலைமுறைகளில் பெண் குழந்தைகள் அதிகம் பிறந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

வாட்சன் ஒரு படி மேலே போய், எந்தப் பெயரும் இறுதியில் அழிந்தே தீரும் என்று முடிவு கட்டினார். அவருடைய சமன்பாட்டுக்கு இன்னொரு விடையும் இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் உள்ளிட்டோர் பிற்காலத்தில் அதைத் தெளிவாக்கினார்கள். நம் ஊரில் தம்பதிக்கு மூன்று பிள்ளைகள் என்று மாற்றிப் போட்டால், ஒரு பெயர் என்றேனும் அழியும் வாய்ப்பு ஏறத்தாழ 24 விழுக்காடுதான். மக்கள்தொகை பெருகும் காலத்தில் பெயர்கள் பிழைக்கும், பெருக்கம் நின்றால் அழியும். அமெரிக்காவின் மக்கள்தொகைத் தரவைக் கொண்டு ஆல்ஃபிரட் லோட்கா 1930களில் கணக்கிட்டபோது, ஓர் ஆணின் மகன் வழி என்றேனும் அற்றுப்போகும் வாய்ப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது.

அதனால்தான் ஒரு நாட்டில் குடும்பப்பெயர் எவ்வளவு பழையதோ அவ்வளவு குறைவான பெயர்கள் மிஞ்சுகின்றன. சீனாவில் குடும்பப்பெயருக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு வயது. அங்கே வாங், லீ, ஜாங் என்ற மூன்று பெயர்களே மக்களில் ஐந்தில் ஒருவருக்கு இருக்கின்றன. ஜப்பானில் எல்லோரும் குடும்பப்பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது 1875இல்தான். அங்கே பெயர்களின் வகை இன்றும் மலைக்க வைக்கும் அளவுக்கு அதிகம்.

ஒரு தகப்பனா, பல தகப்பன்களா?

அரிய பெயருக்கும் பொதுப் பெயருக்கும் உள்ள வேறுபாட்டை மரபணு இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. ஆணின் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ மாறாமல் செல்கிறது. குடும்பப்பெயரும் அதே வழியில்தான் செல்கிறது. எனவே ஒரே பெயருள்ள ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டால், அந்தப் பெயரை முதலில் சூடியவர் ஒருவரா பலரா என்று தெரிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் 2000ஆம் ஆண்டில் தன் சொந்தக் குடும்பப்பெயரையே சோதித்தார். சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோரிடம் ஒரே வகைக் குரோமோசோம் இருந்தது.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 2009இல் 40 பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை ஆராய்ந்தார்கள். ஸ்மித் என்ற பெயருள்ளவர்கள் தெருவில் தற்செயலாகச் சேர்ந்த கூட்டத்தைப் போலவே தனித்தனி வழியினராக இருந்தார்கள். ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், ஒவ்வொரு கொல்லரும் ஒரு ஸ்மித் வம்சத்தைத் தொடங்கினார். மாறாக அட்டன்பரோ என்பது அரிய பெயர். நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோவாலும் அவருடைய தம்பி டேவிட்டாலும் நமக்கு அது பழக்கமான பெயராகிவிட்டது. சோதித்த அட்டன்பரோக்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோர் ஒரே ஒய் குரோமோசோம் வகையைச் சேர்ந்தவர்கள். அந்தப் பெயர் ஏறத்தாழ ஒற்றை மனிதரிடமிருந்து கிளைத்தது என்று இதைக் கொண்டு துணிந்து சொல்லலாம்.

ராமநாதபுரம் கடற்கரையிலேயே ஸ்மித்துக்கு இணையான பெயர் ஒன்று உண்டு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரவர்கள் கூட்டமாகக் கிறித்தவம் தழுவியபோது போர்ச்சுகீசியப் பெயர்கள் அவர்களிடம் வந்தன. பெர்னாண்டோ அவற்றில் ஒன்று. பாம்பன் முதல் தூத்துக்குடி வரையிலும், கடலுக்கு அப்பால் இலங்கையிலும் அது எங்கும் கேட்கும் பெயர். அதை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர். ஒரே பெயரில் பல குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றன. கரையோரத்தில் உள்ள பெர்னாண்டோவும், அங்கிருந்து உள்ளே வைகைக் கரையில் தறி நெய்பவரின் வீட்டுப்பெயரும் பெயரியலின் இரு எதிர் முனைகள். முன்னது பல தொடக்கங்கள் கொண்ட பெரும்பெயர். பின்னது சில குடும்பங்களின் வழியாக மட்டுமே வரும் சிறுபெயர்.

குடிபெயர்வு இந்தச் சிறுபெயர்களை இன்னும் சிதறடிக்கிறது. மதுரையில் 200 வீடுகளுக்கு ஒன்றில் உள்ள ஒரு பெயரை நினைத்துக்கொள்வோம். அங்கிருந்து 60 குடும்பங்கள் வேறோர் ஊருக்குத் தறியோடு கிளம்புகின்றன. அந்த 60இல் நம் பெயர் ஒன்றுகூட இல்லாமல் போகும் வாய்ப்பு 74 விழுக்காடு. தப்பித் தவறி ஒரே ஒரு குடும்பம் வந்துவிட்டால், புதிய ஊரில் அதன் விகிதம் மதுரையைவிட மூன்று மடங்குக்கு மேல். ஓரூரில் அரிதாக இருக்கும் பெயர் இன்னோர் ஊரில் மலிந்திருப்பதற்கு இந்த எளிய தற்செயலே போதும்.

ஒரே பெயரில் மணமில்லை என்றால்

சார்லஸ் டார்வினும் அவர் மனைவி எம்மாவும் ஒன்றுவிட்ட உறவினர்கள். அவர்களுடைய மகன் ஜார்ஜ் டார்வினுக்கு, இத்தகைய திருமணங்கள் இங்கிலாந்தில் எத்தனை நடக்கின்றன என்று அறியும் ஆவல் இருந்தது. 1875இல் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மணமகனுக்கும் மணமகளுக்கும் திருமணத்துக்கு முன்பே ஒரே குடும்பப்பெயர் இருக்கும் திருமணங்களை எண்ணினார். அதிலிருந்து உறவுத் திருமணங்களின் அளவை மதிப்பிட்டார். பிறகு 1965இல் ஜேம்ஸ் குரோவும் ஆர்தர் மேஞ்சும் இதை ஒரு சூத்திரமாக்கினார்கள். உலகின் பல பகுதிகளில், தேவாலயப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டே ஓர் ஊரின் மரபணு நெருக்கத்தை அளக்க அது உதவியது.

அந்தச் சூத்திரத்தைப் பரமக்குடிக்குக் கொண்டுவந்தால் விடை பூஜ்யம். ஒரே வீட்டுப்பெயரில் திருமணமே கிடையாது. அதனால் உறவுத் திருமணம் இல்லை என்று முடிவு செய்தால் அது முழுத் தவறு. மாமன் மகளைக் கட்டுவது தமிழகம் முழுக்க முறைப்பெண் உரிமையாக இருந்தது, சௌராஷ்டிரர்களிடமும் இருந்தது. மாமன் மகளின் வீட்டுப்பெயர் வேறு, கோத்திரம் வேறு. ஆனால் தாயும் மாமனும் உடன்பிறந்தவர்கள். அத்தகைய தம்பதியின் குழந்தையிடம் ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16இல் ஒன்று. தாய்மாமனையே மணந்தால் 8இல் ஒன்று. வீட்டுப்பெயர் தந்தைவழி உறவை மட்டுமே காட்டும் கருவி, தாய்வழியை அது மறைத்துவிடும். ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த அளவுகோலை நம் உறவுமுறை தெரியாமல் இங்கே வைத்தால் இப்படித்தான் தவறிப்போகும்.

இது வெறும் கல்விக் கவலை அல்ல. முன்பு பார்த்த ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவருடைய மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திராவில் உறவுத் திருமணங்களை ஆராய்ந்தார். 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களின் மரபணுக்களை ஒப்பிட்டது. அவற்றில் 81 குழுக்களில், சிறு எண்ணிக்கையிலான முன்னோரிடமிருந்து பெருகியதன் தடம், அதற்குப் பெயர்போன ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் உள்ளதைவிட வலுவாக இருந்தது. மூடிய வட்டத்துக்குள் திருமணம் செய்யும் சமூகங்களில் மரபணுவின் இரு படிகளும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் அரிய ஒடுங்கு நோய்கள் தலைகாட்ட வாய்ப்பு அதிகம். அந்த நோய்களைத் தேடும் மருத்துவருக்குத் தந்தைவழி, தாய்வழி இரண்டிலும் மூன்று தலைமுறை வீட்டுப்பெயர்கள் கிடைத்தால் வம்சப் படத்தை அரை மணி நேரத்தில் வரைந்துவிடலாம். தலைப்பெழுத்து மட்டும் கிடைத்தால் வரைய முடியாது.

ஒரு பெயர் பிறக்கிறது

பெயர்கள் அழிவதை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான். புதிய பெயர்களும் பிறக்கின்றன. அதற்கும் பரமக்குடியே சான்று. இங்கே வழக்கறிஞராக இருந்த சீனிவாசனின் மகன்கள் சாருஹாசன், சந்திரஹாசன், கமல்ஹாசன். கமல் இந்த ஊரில் 1954இல் பிறந்தார். அண்ணன் தம்பிகளின் பெயர்களில் ஒரு பொதுப் பாதி இருந்தது, அது அப்போது குடும்பப்பெயர் அல்ல. அடுத்த தலைமுறையில் சுருதி ஹாசன், அக்ஷரா ஹாசன், அனு ஹாசன் என்று அந்தப் பாதி தனியே பிரிந்து குடும்பப்பெயராகிவிட்டது. உலகின் மிக இளைய, மிக அரிய குடும்பப்பெயர்களில் ஒன்று உருவானதை நம் தலைமுறை கண்ணெதிரே பார்த்தது.

இதைச் சுமந்து திரிபவர்கள் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். கால்டனின் கணக்கில் மகள் பிறந்தால் பெயர் முடிந்தது. அந்த விதி இயற்கை வகுத்ததல்ல, மனிதர்கள் வகுத்தது. மகளும் பெயரைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டால் நம் 100 குடும்ப ஊரில் ஒரு பெயர்கூட முதல் தலைமுறையில் அழியாது. ஒய் குரோமோசோமுக்கு வேறு வழியில்லை. பெயருக்கு உண்டு.

எழுத்தில் நிகழும் அழிவு

ஆங்கிலப் பெயர் ஒன்று அழிந்தால், அதைச் சுமக்க ஆள் இல்லாமல் போனது என்று பொருள். சௌராஷ்டிர வீட்டுப்பெயர் வேறு விதமாக அழிகிறது. ஆள் இருக்கிறார், மகன் இருக்கிறார், பேரனும் இருக்கிறார். பெயர் மட்டும் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டுப்பெயரும் தந்தையின் பெயரும் இரண்டு தலைப்பெழுத்துகளாகச் சுருங்குகின்றன. அடுத்து வரும் விண்ணப்பத்தில் ஒரே ஒரு தலைப்பெழுத்துக்குத்தான் இடம். அங்கே தந்தையின் எழுத்து நிற்கிறது, வீட்டின் எழுத்து விழுந்துவிடுகிறது.

விழாமல் நின்றாலும் அது போதாது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே உள்ளன. நூற்றுக்கணக்கான வீட்டுப்பெயர்களை அந்த 26 பெட்டிகளில் அடைத்தால், ஒரே பெட்டியில் பல பெயர்கள் விழும். 'டி' என்று மட்டும் எழுதியிருந்தால் அது தொகுளுவாவா, அதே எழுத்தில் தொடங்கும் வேறொன்றா என்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு பேரன் எப்படிக் கண்டுபிடிப்பான்? முழுப் பெயரைத் தமிழில் எழுதினாலும் ஒரு சிக்கல் உண்டு. சௌராஷ்டிரத்தில் உள்ள மூச்சொலிகளுக்குத் தமிழில் தனி எழுத்தில்லை, நான்கு ஒலிகள் ஒரே 'க'வில் கலந்துவிடும். அந்த ஒலிகளைப் பிரித்து எழுத சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்து உண்டு. மதுரையின் தொ.மு. ராமராய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதற்குப் புத்துயிர் கொடுக்கப் பாடுபட்டார். 2008 முதல் யூனிகோடில் அதற்கு இடமும் இருக்கிறது. கைப்பேசியில் எழுதலாம், சேமிக்கலாம், தேடலாம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2,47,702 பேர். மொழியை இப்படி எண்ணிவிட்டோம். வீட்டுப்பெயர்களையும் ஊர்வாரியாக எண்ண வேண்டும். பரமக்குடி, எமனேஸ்வரத் தெருக்களில் ஒவ்வொரு வீட்டின் பெயரையும், கோத்திரத்தையும், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்ற நினைவையும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால், நான்கு நூற்றாண்டுக் குடிபெயர்வை ஊர் ஊராகத் தொடர்ந்து போக முடியும். ஒரு கல்லூரி வகுப்பு ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. இதைச் செய்யாமல் விட்டால், பிற்காலத்தில் எந்த ஆய்வுக்கூடமும் இதை மீட்டுத் தர முடியாது. ஒய் குரோமோசோம் உறவைச் சொல்லும், பெயரைச் சொல்லாது.

வீட்டுப்பெயர் உள்ள ஒவ்வொரு குடும்பமும் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் அடுத்த விண்ணப்பத்தில், அடுத்த திருமண அழைப்பிதழில், அந்த ஒற்றை எழுத்தை விரித்து முழுப் பெயராக எழுதுங்கள். மகனுக்கு எழுதுவது போலவே மகளுக்கும் எழுதுங்கள்.